வினாடிக்கு எத்தனை கன அடி? தாமிரபரணியைக் கொண்டு ஒரு மலை ஆற்றின் நீரோட்டத்தை அறிதல்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நாளிதழைப் பிரிப்பவர்கள் முதலில் தேடும் செய்திகளுள் ஒன்று அணைகளின் நிலவரம். பாபநாசம் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, மலைமேல் உள்ள ஊத்து, நாலுமுக்கு ஆகிய இடங்களில் இத்தனை மில்லிமீட்டர் மழை என்று ஒரு சிறிய பத்திக்குள் எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு டீக்கடையில் நடக்கும் பேச்சில் நான்கு வாக்கியங்கள் ஆண்டு தவறாமல் காதில் விழும். "நேற்று ஆயிரம் கன அடி தண்ணீர் வந்ததாம்" என்பது ஒன்று. "அணையில் நூறு அடி இருக்கிறது, இனிக் கவலையில்லை" என்பது இன்னொன்று. "வற்றாத ஜீவநதி, அதற்கென்ன குறை" என்பார் ஒருவர். "இவ்வளவு தண்ணீரும் கடலில் போய் வீணாகக் கலக்கிறதே" என்று பெருமூச்சு விடுவார் மற்றொருவர்.

ஆற்றின் மேல் அக்கறை உள்ளவர்கள்தாம் இப்படிப் பேசுகிறார்கள். ஆனாலும் நான்கு வாக்கியங்களிலும் ஏதோ ஒன்று இடறுகிறது. ஆற்று நீர் என்பது தேங்கிக் கிடக்கும் பொருள் என்ற எண்ணம்தான் அந்த இடறலுக்குக் காரணம். ஆறு ஓடுவது, அதை அளக்கும்போது நேரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். இந்த ஒரு செய்தி தெளிவாகிவிட்டால், நாளிதழின் எண்கள் மட்டுமின்றி, மழை, காடு, வெள்ளம், பாசனம் ஆகியவற்றுக்கு இடையே உள்ள உறவும் விளங்கிவிடும்.

எடுத்துக்காட்டுக்குத் தாமிரபரணியையே கொள்வோம். பொதிகை மலையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையை ஒட்டிய சரிவுகளில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் ஆறு இது. பிறப்பது முதல் கடல் சேர்வது வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுவதாலும், மலையில் பிறந்து மிகக் குறுகிய தொலைவில் சமவெளிக்கு இறங்கிவிடுவதாலும், ஒரு மலை ஆற்றின் இயல்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆறு நமக்குக் கிடைப்பது அரிது.

குடமும் குழாயும்

தெருக்குழாயடியில் ஒரு குடம் வைத்திருப்பதாகக் கொள்வோம். "குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?" என்று கேட்டால் பத்து லிட்டர், பதினைந்து லிட்டர் என்று விடை சொல்லலாம். "குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது?" என்று கேட்டால், லிட்டர் என்று மட்டும் சொன்னால் போதாது, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று சொன்னால்தான் பொருள் முழுமை பெறும். முதலாவது இருப்பு, இரண்டாவது ஓட்டம். அணை குடம் போன்றது, ஆறு குழாய் போன்றது.

ஆற்றின் ஓரிடத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு கயிறு கட்டியிருப்பதாகக் கருதுங்கள். அந்தக் கயிற்றைக் கடந்து ஒரு வினாடியில் செல்லும் நீரின் கன அளவே அந்த இடத்தின் நீரோட்ட அளவு எனப்படுகிறது. நம் நாட்டில் அதை வினாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்வது வழக்கம். ஒரு கன அடி என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள பெட்டி கொள்ளும் அளவு, அதாவது சுமார் 28.3 லிட்டர். வீட்டில் புழங்கும் குடத்தில் ஏறத்தாழ இரண்டு குடம். ஆகவே வினாடிக்கு ஒரு கன அடி என்பது, ஒவ்வொரு வினாடியும் இரண்டு குடம் தண்ணீர் இடைவிடாமல் கடந்துகொண்டிருப்பதாகும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த ஓட்டம் ஒரு நாள் முழுவதும் நீடித்தால் 86,400 கன அடி, அதாவது ஏறத்தாழ 24 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் ஆகிவிடும். இரண்டு ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நீர் நிறுத்த அது ஏறக்குறையப் போதும்.

இருப்பைச் சொல்லும்போது கன அடி மிகச் சிறிய அளவாகிவிடுவதால், டி.எம்.சி என்ற பெரிய அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி, ஒரு டி.எம்.சி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி சேரும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டத்தையும் இருப்பையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க இதுவே பாலம்.

"நேற்று ஆயிரம் கன அடி தண்ணீர் வந்ததாம்" என்ற வாக்கியத்தில் விட்டுப்போன சொல் எது என்பது இப்போது தெரிந்திருக்கும். வினாடிக்கு என்ற சொல் இல்லாவிட்டால் ஆயிரம் கன அடி என்பது இரண்டாயிரம் குடம் மட்டுமே. அந்தச் சொல் சேர்ந்து, அதே அளவு நாள் முழுவதும் நீடித்தால், அது 8 கோடியே 64 லட்சம் கன அடி.

அடி என்பது ஆழம், அளவு வேறு

அடுத்தது அணையின் அடிக்கணக்கு. சொம்பு ஒன்றிலும் அகன்ற அண்டா ஒன்றிலும் அரையடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் இரண்டிலும் ஒரே அளவு நீர் இருப்பதாக யாரும் சொல்ல மாட்டோம். அணை என்று வந்துவிட்டால் மட்டும் இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

தாமிரபரணிப் படுகையின் மூன்று அணைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். காரையாறு என்று உள்ளூரில் வழங்கும் பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. மணிமுத்தாறு அணையின் முழு மட்டம் 118 அடி. 25 அடி வேறுபாடு இருந்தும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது ஒவ்வொன்றும் சுமார் 5.5 டி.எம்.சி கொள்ளக்கூடியவை. மூன்றாவதான சேர்வலாறு அணையின் முழு மட்டம் 156 அடி. அடிக்கணக்கில் மூன்றிலும் உயர்ந்தது இதுதான். ஆனால் கொள்வதோ 1.2 டி.எம்.சி அளவே. குறுகிய மலைப் பள்ளத்தாக்கில் கட்டிய அணை சொம்பு போல உயர்ந்திருக்கும். மலையடிவாரத்தில் விரிந்த நிலத்தில் கட்டியது அண்டா போல அகன்றிருக்கும்.

பாபநாசம், சேர்வலாறு அணைகளைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். இரண்டும் மலைக்குள் ஒரு சுரங்கக் கால்வாயால் இணைக்கப்பட்டுள்ளன. அதனால் இரண்டிலும் நீரின் மேற்பரப்பு ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். இருந்தும் நாளிதழில் சேர்வலாற்றின் மட்டம் பல நாட்களில் பாபநாசத்தைவிடப் பதின்மூன்று அடி போலக் கூடுதலாகவே இருப்பதைக் காணலாம். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்ற புள்ளி இரண்டுக்கும் வேறுவேறு என்பதே அதற்குக் காரணம்.

மேலும், ஓர் அணையிலேயே எல்லா அடியும் சமமாக இருப்பதில்லை. பள்ளத்தாக்கு அடியில் குறுகியும் மேலே செல்லச் செல்ல அகன்றும் இருப்பதால், 140 அடியிலிருந்து ஓரடி இறங்கும்போது வெளியேறும் நீர், 60 அடியிலிருந்து ஓரடி இறங்கும்போது வெளியேறுவதைவிடப் பல மடங்கு. "நூறு அடி இருக்கிறது" என்று கேள்விப்பட்டதும் கவலையை விட்டுவிட முடியாது என்று சொல்வது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: அடி என்பது நீரின் ஆழத்தையும், டி.எம்.சி என்பது தேங்கிய இருப்பையும், வினாடிக்குக் கன அடி என்பது ஓட்டத்தையும் குறிக்கின்றன. மூன்றும் மூன்று கேள்விகளுக்கான விடைகள்.

ஓடும் நீரை எப்படி அளக்கிறார்கள்?

ஓடிக்கொண்டே இருக்கும் நீரைக் குடத்தில் பிடித்து அளக்க முடியாது. அதனால் வேறொரு வழி உண்டு. ஆற்றைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் தெரியும் நீர்முகத்தின் பரப்பை, நீர் செல்லும் வேகத்தால் பெருக்கினால் நீரோட்ட அளவு கிடைத்துவிடும். கரும்புச்சாறு எந்திரத்தில் எத்தனை தடிமனான கரும்பு எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பார்ப்பதைப் போன்றதுதான் இது.

படித்துறையில் நின்று நாமே இதைத் தோராயமாகச் செய்து பார்க்கலாம். ஆற்றின் அகலம் 100 அடி, பல இடங்களில் அளந்து சராசரி கண்ட ஆழம் 2 அடி என்று கொள்வோம். நீர்முகத்தின் பரப்பு 200 சதுர அடி. கரையோரமாக 30 அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை ஊன்றிவிட்டு, மேல் குச்சிக்குச் சற்று முன்னதாகவே நடு ஆற்றில் ஒரு தேங்காய் நெற்றைப் போட வேண்டும். காய்ந்த இலை, தக்கை போன்றவை காற்றடிக்கும் பக்கமெல்லாம் போய்விடும். நெற்று பாதிக்குமேல் நீரில் அமிழ்ந்து மிதப்பதால் ஆற்றின் போக்கை ஒட்டியே செல்லும். மேல் குச்சியிலிருந்து கீழ்க் குச்சிக்கு வர அது 20 வினாடி எடுத்துக்கொண்டால் வேகம் வினாடிக்கு 1.5 அடி. ஆற்றின் மேற்பரப்பு, அடியில் மணலையும் பாறையையும் உரசிக்கொண்டு செல்லும் நீரைவிட வேகமாக ஓடும் என்பதால், அதில் 0.85 பங்கைத்தான் சராசரி வேகமாகக் கொள்வது வழக்கம். 200 ஐ 1.5 ஆலும் 0.85 ஆலும் பெருக்கினால் 255. அந்த இடத்தில் ஆறு வினாடிக்குச் சுமார் 255 கன அடி ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசின் அளவீட்டு நிலையங்களிலும் அடிப்படை இதுவேதான். நெற்றுக்குப் பதிலாக நீரின் வேகத்தால் சுழலும் கருவி. ஒரே சராசரிக்குப் பதிலாக ஆற்றின் குறுக்கே பல பகுதிகளில் தனித்தனி அளவு. மத்திய நீர் ஆணையம் இந்த ஆற்றில் முறப்பநாட்டில் ஓர் அளவீட்டு நிலையத்தை வைத்திருக்கிறது. நாள்தோறும் இறங்கி வேகத்தை அளப்பது கடினம் என்பதால், எந்த நீர்மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று முன்பே பலமுறை அளந்து ஓர் அட்டவணை ஆக்கிவைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு, அளவுகோல் பலகையில் மட்டத்தைப் படித்தாலே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆற்றின் தரை மாறினால் அந்த அட்டவணையும் மாற வேண்டும். மணல் அள்ளிப் பள்ளமான இடத்தில் பழைய அட்டவணையை நம்பினால் விடை தவறாகும்.

மழை நின்ற பிறகும் ஆறு ஓடுவது எப்படி?

இந்தப் பொருளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மழை பெய்யும்போது ஆறு ஓடுவதில் வியப்பில்லை. பிப்ரவரி மாதத்தில், மலையில் பல நாட்களாக மழையே இல்லாதபோதும் ஓடைகளில் தெளிந்த நீர் வந்துகொண்டிருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? அணை இல்லாத காலத்திலும் வந்ததே, எப்படி?

காப்பி வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றிவிடுகிறோம். ஆனால் டிகாக்‌ஷன் ஒரே மூச்சில் இறங்குவதில்லை. பொடி நீரை உள்வாங்கி, நனைந்து, பிறகு சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. ஊற்றிய வேலை முடிந்து நெடுநேரம் ஆன பின்பும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதே வெந்நீரைப் பொடி இல்லாத வெறும் வடிகட்டியில் ஊற்றினால் சில நொடிகளில் இறங்கி முடிந்துவிடும். மலையின் மண்ணும் காடும் அந்தப் பொடியின் வேலையைச் செய்கின்றன. பொதிகையின் உயரங்களில் உள்ள சோலைக் காடுகளின் தரையில் உதிர்ந்த இலைகள் மட்கி மெத்தை போல் கிடக்கின்றன. அதன் அடியில் வேர்கள் துளைத்த, நுண்ணிய இடைவெளிகள் நிறைந்த மண். அதற்கும் அடியில் வெடிப்புகள் கொண்ட பாறை. மழையின் ஒரு பகுதி இந்த அடுக்குகளுக்குள் இறங்கி, நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் நகர்ந்து, ஓடையின் பக்கவாட்டில் கசிந்து வெளிவருகிறது.

இப்படி மண்ணுக்குள் புகுந்து மெதுவாக வெளிவரும் பகுதியை ஊற்றோட்டம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். மண்ணுக்குள் புகாமல் சரிவில் வழிந்து உடனே ஆற்றில் சேரும் பகுதி மேலோட்டம். எந்த ஒரு நாளிலும் ஆற்றில் நாம் பார்ப்பது இவ்விரண்டின் கூட்டுத்தொகை. கனமழை நாளில் மேலோட்டமே மிகுதி. நீர் செந்நிறமாகக் கலங்கி வரும். கோடையில் மேலோட்டம் முழுக்க நின்றுவிடும். வருவதெல்லாம் ஊற்றோட்டம், அதனால்தான் அது அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

தாமிரபரணிக்கு இன்னொரு பேறும் வாய்த்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டில் பெய்கிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்துப் பெய்கிறது. காப்பி வடிகட்டி காலியாகும் முன்பே மறுபடியும் ஒருமுறை வெந்நீர் ஊற்றுவது போன்றது இது. ஆண்டுக்கு ஒரே மழைக்காலத்தை நம்பியிருக்கும் ஆறுகளுக்கு இல்லாத வசதி.

ஆகவே வற்றாத ஜீவநதி என்ற பெயர் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயர் ஆற்றின் பிறவிக் குணத்தைக் காட்டிலும், மலையின் மண் செய்யும் சேமிப்பையே குறிக்கிறது. காடு அழிந்து மண் அரித்துப்போனால், பெய்யும் மழையின் மொத்த அளவு சிறிதும் குறையாவிட்டாலும், அதிகப் பங்கு மேலோட்டமாக ஓரிரு நாளில் ஓடிவிடும். கோடைக்கென்று மிஞ்சுவது குறையும். இந்த ஆற்றின் தலைப்பகுதி 1988-இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதைப் புலிக்கான ஏற்பாடாக மட்டும் பலர் பார்க்கிறார்கள். சமவெளியில் இருப்பவர்களின் கோடைக் குடிநீருக்கான ஏற்பாடாகவும் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மலையில் மண் செய்யும் வேலையைச் சமவெளியில் ஆற்று மணல் செய்கிறது. மேலே நீர் குறைந்து தெரியும் நாட்களிலும் மணலுக்குள் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகள் அந்த நீரைத்தான் எடுக்கின்றன. மணலை அள்ளிய இடத்தில் ஆழமான குட்டை நிற்பதைப் பார்த்து நீர் பெருகிவிட்டதாக எண்ணுவது தவறு. அங்கே வடிகட்டியிலிருந்து பொடியை எடுத்துவிட்டோம்.

இப்பகுதியின் சுருக்கம்: மழை ஆற்றுக்கு வரும் வழிகள் இரண்டு. விரைந்து வருவது மேலோட்டம், தாமதித்து வருவது ஊற்றோட்டம். மழையில்லாத மாதங்களில் ஆற்றை ஓட வைப்பது இரண்டாவதே.

வெள்ளம் ஏன் திடீரென்று வருகிறது?

சமவெளியில் நெடுந்தொலைவு ஓடும் பேராறுகளில் வெள்ளம் நாட்கணக்கில் ஏறி நாட்கணக்கில் இறங்கும். மலை ஆறு அப்படியில்லை. சரிவு செங்குத்தாக இருப்பதால் நீர் சேருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடும். அப்போது ஆற்றின் ஆழமும் வேகமும் ஒன்றாகவே கூடும். ஆழம் இருமடங்கானால் ஓட்டம் இருமடங்கோடு நிற்பதில்லை. நீர்முகத்தின் பரப்பும் வேகமும் இரண்டும் பெருகுவதால் அதைவிட மிகுதியாகிவிடும். குளித்துக்கொண்டிருக்கும்போது நீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறச் சொல்வது இதனால்தான். மேலே மழை பெய்வது கீழே இருப்பவருக்குத் தெரியாது; ஆறு அதைச் சொல்லும்போது நேரம் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும்.

திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. வெள்ளம் வரும்போது கோயில் நீருக்குள் மூழ்கிவிடும். அதற்கு முன்பாக உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுசென்றுவிடுவார்கள். வெள்ளம் வடிந்த பின் படிந்த வண்டலைக் கழுவி மீண்டும் பூசை தொடங்கும். ஆற்றின் நீரோட்டம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வழக்கத்தை அமைத்துக்கொண்ட ஊர் அது.

"அணைகள் இருக்கும்போது வெள்ளம் எப்படி வந்தது?" என்ற கேள்வி 2023 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு பலமுறை எழுந்தது. அதற்கு விடையாக இரண்டு செய்திகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, அணையின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. வினாடிக்கு 60,000 கன அடி வெள்ளம் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 5.5 டி.எம்.சி கொள்ளும் அணை அடிவரை வறண்டு கிடந்தாலும் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் நிரம்பிவிடும். டிசம்பரில் அணைகள் வறண்டு கிடப்பதும் இல்லை. அப்போது அவை நிறைந்திருக்க வேண்டும் என்றுதானே பாசனம் எதிர்பார்க்கிறது. இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. அந்த டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை பதிவானது. இந்த ஊர்கள் யாவும் அணைகளுக்கு வெகு கீழே, கடலை நோக்கிய சமவெளியில் இருப்பவை. அணைக்குக் கீழே பெய்யும் மழையை எந்த அணையாலும் பிடித்துவைக்க முடியாது. ஓர் அணைக்கு எந்த நிலப்பரப்பின் மழைநீர் வந்து சேருமோ அதையே அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அந்த எல்லைக்கு வெளியே அணைக்கு வேலையில்லை.

ஒரே நீர், பல கைகள்

நீரின் பயன்களை அடுக்கும்போது மின்சாரம், பாசனம், குடிநீர், தொழில் என்று நான்கையும் ஒரே வரிசையில் வைத்துவிடுவது வழக்கம். அதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சில பயன்கள் நீரைத் தொட்டுவிட்டு ஆற்றுக்கே திருப்பித் தருகின்றன. சில பயன்கள் எடுத்துக்கொள்கின்றன.

மின்சாரம் முதல் வகை. பாபநாசத்தில் நீர் மலையிலிருந்து விழும் விசையை விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தத் தொடங்கியது. 1944-இல் செயல்படத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையத்தின் திறன் இன்று 32 மெகாவாட். சக்கரத்தைச் சுழற்றிய நீர் ஒரு சொட்டும் குறையாமல் கீழே ஆற்றில் சேருகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு திறப்பது என்பதில்தான் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் இடையே இழுபறி வரலாம்.

பாசனம் இரண்டாம் வகை, அதுவே மிகப் பெரிய பங்கு. இங்கே அணை, அணைக்கட்டு என்ற இரு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அணை நீரைத் தேக்கும். அணைக்கட்டு என்பது ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான கற்சுவர். அது தேக்குவதில்லை, நீரின் மட்டத்தைச் சற்று உயர்த்திப் பக்கவாட்டுக் கால்வாய்க்குள் திருப்பிவிடுகிறது. மிஞ்சியது சுவரின் மேல் வழிந்து ஆற்றோடு போய்விடும். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் என்று இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களாலும், அவை நிரப்பும் குளங்களாலும் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. ஜூனில் தொடங்கும் கார் சாகுபடி தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஐப்பசியை ஒட்டித் தொடங்கும் பிசானம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆற்றின் ஓட்டம் ஆண்டில் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பதைக் கருவி எதுவும் இல்லாமலே அறிந்து வைத்திருந்த உழவர்கள் தந்த பெயர்கள் இவை.

பாசனத்துக்கு எடுத்த நீர் முழுவதும் செலவாகிவிடுவதும் இல்லை. மேல் அணைக்கட்டில் பிரிந்து வயலில் பாய்ந்த நீரின் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியும் வடிகாலில் வழிந்தும் மீண்டும் ஆற்றுக்கே வருகிறது. கீழ் அணைக்கட்டு அதைத் திரும்பவும் பயன்படுத்துகிறது. அதோடு, கடனாநதியும் பச்சையாறும், குற்றாலத்திலிருந்து வந்து சீவலப்பேரியருகே சேரும் சிற்றாறும் வழியில் தத்தம் பங்கைத் தருகின்றன. ஆகவே அணையில் திறந்த அளவையே மருதூரிலும் ஓடும் அளவாகக் கொள்ள முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் நீரோட்ட அளவு வேறு.

குடிநீரின் பங்கு பலர் நினைப்பதைவிடச் சிறியது. நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி, பத்து லட்சம் பேருக்கு வேண்டியது வினாடிக்குச் சுமார் 55 கன அடிதான். அளவு சிறியது, ஆனால் ஒரு நாளும் நிறுத்த முடியாதது. வயலுக்கு முறை வைத்து நீர் விடலாம், குடிநீருக்கு அப்படி முறை வைப்பது எளிதில்லை. ஆகவே குடிநீர்த் திட்டங்களுக்கு வெள்ள நாளின் பெரிய ஓட்டத்தால் பயன் குறைவு. மே மாதத்தின் மிகக் குறைந்த ஓட்டமே அவற்றின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நீர் எடுப்பது குறித்துக் கடைமடை விவசாயிகள் எழுப்பும் எதிர்ப்பும், ஆண்டு சராசரியை ஒட்டியதாக இல்லாமல் இந்தக் குறைந்த ஓட்ட நாட்களை ஒட்டியதாகவே இருக்கிறது. சராசரியைக் காட்டி அவர்களுக்கு விடை சொல்வது நியாயமாகாது.

கடலில் கலக்கும் நீர் வீணா?

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னக்காயல் வரையில் ஆறு செய்யும் வேலையைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். கடலோர நிலத்தடியில் நன்னீரும் உப்புநீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஆற்றிலிருந்து கசியும் நன்னீர் குறைந்தால் உப்புநீர் உள்ளே முன்னேறும், கிணறுகள் உவர்ப்பாகும், வாழையும் வெற்றிலைக்கொடியும் அதைத் தாங்கமாட்டா. முகத்துவாரத்தில் நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தை நம்பி மீன்களும் இறால்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஆறு கொண்டுவரும் வண்டலும் மணலும் கரையை உருவாக்குகின்றன. பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடப்பது அந்த வண்டல் செய்த வேலைதான்.

இந்த வேலைகளுக்கெனக் குறைந்தது இவ்வளவு நீராவது ஆற்றில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒதுக்கும் அளவைச் சூழல் நீரோட்டம் என்பார்கள். வெள்ளத்தின் உபரியைக் குளங்களுக்கும் வறண்ட பகுதிகளுக்கும் திருப்புவது நல்லதுதான். தாமிரபரணியையும் கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாயின் நோக்கமும் அதுவே. ஆனால் உபரி என்று எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். டிசம்பரில் வினாடிக்கு 20,000 கன அடி ஓடும்போது அதில் உபரி உண்டு. ஏப்ரலில் வினாடிக்கு 50 கன அடி ஓடும்போது அதில் உபரி என்று எதுவும் இல்லை.

ஒரு நாள் செய்தியைப் படித்துப் பார்ப்போம்

கற்பனையான ஒரு ஜூன் மாதச் செய்தியை எடுத்துக்கொள்வோம். "பாபநாசம் அணை நீர்மட்டம் 100 அடி. நீர்வரத்து வினாடிக்கு 400 கன அடி. வெளியேற்றம் 1,100 கன அடி."

100 அடி என்பதைக் கொண்டு இருப்பை நேரடியாகச் சொல்ல முடியாது. அந்த அணைக்குரிய அட்டவணையைப் பார்க்க வேண்டும். முழு மட்டமான 143 அடியில் 5.5 டி.எம்.சி என்பதால், 100 அடியில் அதில் பத்தில் ஏழு பங்கு இருக்கும் என்று கணக்கிடுவது தவறு. மேலே அகன்ற பள்ளத்தாக்கு என்பதால் அதைவிடக் குறைவாகவே இருக்கும். வரத்து 400 என்பது மலை தரும் ஓட்டம். பருவமழை இன்னும் வலுக்கவில்லை என்பதையும் மேலோட்டம் குறைவாக இருப்பதையும் அது காட்டுகிறது. வெளியேற்றம் 1,100 என்பது நாம் எடுக்கும் ஓட்டம். கார் சாகுபடிக்கு நீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள 700 கன அடி ஒவ்வொரு வினாடியும் இருப்பிலிருந்து போகிறது. ஒரு நாளில் அது 6 கோடியே 5 லட்சம் கன அடி ஆகும். இதே நிலை நீடித்தால் பதினாறு, பதினேழு நாட்களில் ஒரு டி.எம்.சி குறைந்துவிடும்.

அதற்குள் மலையில் மழை வலுத்து வரத்து 1,100ஐத் தொட்டால் மட்டம் இறங்குவது நின்றுவிடும். அதைத் தாண்டினால் ஏறத் தொடங்கும். மறுநாள் செய்தியைப் பிரிக்கும்போது அடியை அடுத்ததாகப் பார்த்துக்கொள்ளலாம், கண் முதலில் போக வேண்டியது நீர்வரத்தின் மேல்.